சீர் மூட்டையில் குத்தூசி

2024 மார்ச் 14, வியாழக்கிழமை முற்பகலில், கறம்பக்குடிக்குத் தெற்கே ஒரு நார்த்தூள் ஏற்றுமதிக் களத்தின் வாசலில், ஆவுடையார்கோவில் விவசாயி ஆத்மநாதன் தங்கை மகள் கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்த அரிசி மூட்டை ஒன்றில் காவலாளி ராக்கன் குத்தூசியைப் பாய்ச்சினார். ஆத்மநாதன் மூட்டைகளை இறக்காமல் ஊருக்குத் திரும்பினார்.

களம் முத்துராமனுடையது. ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கஜா புயலுக்குத் தப்பிய தோப்புகளிலிருந்து தேங்காய் மட்டை பக்கத்து மில்லுக்கு வருகிறது. நாரை உரித்தெடுத்த பின் மிஞ்சும் தூளை இவர் வாங்குகிறார். தூளில் உப்பு இருக்கும். தொட்டியில் கொட்டி நல்ல தண்ணீரில் அலசி உப்பை இறக்கி, சிமெண்டுக் களத்தில் பரப்பிக் காயவைத்து, சலித்து, எந்திரத்தில் அமுக்கிக் கட்டியாக்குவார்கள். பங்குனி வெயிலில் பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பலகையால் தூளைப் புரட்டியபடி களத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் காப்பிக் கலரில் வரும். கட்டிகள் கண்டெய்னரில் ஏறித் தூத்துக்குடி போய், அங்கிருந்து கப்பலில் கொரியா போகின்றன. மண்ணுக்குப் பதில் அதில் ஸ்ட்ராபெரி வளர்க்கிறார்கள். அந்தப் பழத்தைக் களத்துப் பெண்கள் போனில் பார்த்திருக்கிறார்கள். எலந்தப் பழத்துக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கிறது என்பது அவர்களில் ஒருத்தியான மூக்காயியின் கருத்து.

முத்துராமனின் வீடும் அதே வளாகத்துக்குள்தான். வீட்டுக்கும் களத்துக்கும் ஒரே கேட்.

ஏற்றுமதி வேலை முழுவதையும் பார்ப்பவள் மகள் கலைமதி. பி.காம். படித்தவள். முந்தைய ஆண்டு தூத்துக்குடியில் அவர்களுடைய கண்டெய்னர் ஒன்றைச் சோதனைக்காகத் திறந்தார்கள். கட்டிகளை இறக்கிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று மறுபடி அடுக்குவதற்குள் கப்பல் போய்விட்டது. கொரியாக்காரர் கோபமாக எழுதவில்லை. அடுத்த பருவத்திலிருந்து சுங்கத்துறை அங்கீகாரம் பெற்றவர்களிடம் மட்டும் வாங்குவதாக உத்தேசம் என்று மரியாதையாக எழுதினார். களத்துக்கு அவர் ஒருவர்தான் பெரிய வாடிக்கையாளர். அதன் பிறகுதான் கலைமதி அந்தத் திட்டத்தைப் பற்றி விசாரித்தாள். அரசும் வியாபாரிகளும் சேர்ந்து நடத்துவது. ஏ.இ.ஓ. என்று சொன்னார்கள். வியாபாரி தன் களத்தையும் லாரியையும் கண்டெய்னர் பெட்டியில் வைக்கும் முத்திரையையும் தானே காவல் காக்க வேண்டும். அதிகாரிகள் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால், பிறகு அவருடைய பெட்டிகளை அநேகமாகத் திறக்க மாட்டார்கள். ஒப்பந்தம் உள்ள நாடுகளிலும் அந்த நம்பிக்கை செல்லும். கொரியாவோடு ஒப்பந்தம் இருந்தது.

"கட்டாயமா?" என்று கேட்டார் முத்துராமன்.

"கட்டாயமில்லப்பா. விருப்பப்பட்டா சேரலாம்."

"கட்டாயமில்லாததுக்கா வேலி, கேமரா, வாட்ச்மேனு?"

"கட்டாயம்னா எல்லாருந்தான் செய்வாங்க. நாமளாப் போயி, எங்க களத்த வந்து பாத்துக்கங்கன்னு கூப்புடுறோம்ல, அதுக்குத்தான் மதிப்பு."

அடுப்படியிலிருந்து அவள் அம்மா பரிமளா சொன்னாள்: "சீரு மாதிரின்னு சொல்லு. கட்டாயமில்ல. செய்யாட்டி மொகத்துல முழிக்க முடியாது."

அதற்கு மேல் முத்துராமனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

வேலி வந்தது. கேமரா வந்தது. உள்ளே வருகிற எவரும் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றானது. வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்க்க நீளக் கம்பி வைத்த கண்ணாடி ஒன்று வந்தது. பெண்களின் தூக்குவாளியையும் திறந்து காட்டச் சொன்னார்கள். "பாத்துக்க. கூழுக்குள்ள குண்டு இருக்கும். மோர் மொளகாயி வேற இருக்கு, அது அதவிட மோசம்" என்று மூக்காயி ஒவ்வொரு நாளும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

கேட்டில் ராக்கனை நிறுத்தினார்கள். கறம்பக்குடியில் அரிசி மண்டி ஒன்றில் மூட்டை தூக்கியவர். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு வேலையை விட்டிருந்தார். தொப்பியும் நீலச் சட்டையும் கொடுத்ததில் அவருக்கு மிகுந்த சந்தோஷம். கண்ணாடியில்தான் நம்பிக்கை இல்லை. "கண்ணாடிக்கு மேலாக்கத்தான் தெரியும். மூட்டைக்குள்ள இருக்கிறது ஊசிக்குத்தான் தெரியும்" என்று தன் பழைய குத்தூசியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டார். கூரான நுனியும் நடுவில் பள்ளமும் உள்ள இரும்பு அது. மூட்டையில் குத்தி இழுத்தால் ஒரு பிடி அரிசி கூடவே வரும். மண்டியில் அதைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். ராக்கன் அதை இடுப்பில் வைத்திருப்பது களத்தில் எல்லோருக்கும் தெரியும். அலுவலக அறையில் இருக்கும் கலைமதிக்குத் தெரியாது.

அதிகாரிகள் வருவதற்கு முந்தின நாள் முத்துராமன் கேட்டுக்குப் போய்ச் சொன்னார்: "நாளைக்குத் திருச்சிலேருந்து ஆபீசருங்க வாராங்க. யாராச்சும் வேத்தாளை அனுப்பி நம்மளச் சோதிச்சாலும் சோதிப்பாங்க. என் மச்சானே வந்தாலும் பாக்காம விடாத."

"சரி மொதலாளி."

மச்சான் மறுநாளே வந்தார்.

பரிமளாவின் அண்ணன் ஆத்மநாதன் சொல்லிவிட்டு வருகிற ஆள் இல்லை. தாய்மாமன் சீர் கொண்டுவருவதற்குப் போன் போட்டுவிட்டா வருவான் என்பது அவர் நினைப்பு. பங்குனி பிறக்கிற நாள். வெள்ளைச் சாக்குகளுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, டாடா ஏஸில் ஏற்றி, மேலே ஒரு வாழைத்தாரையும் வைத்துக்கொண்டு, டிரைவருக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்து வந்தார். வேலி போட்ட பிறகு அவர் அந்தப் பக்கம் வருவது அதுதான் முதல் தடவை. கேட்டுக்கு முன்னால் ஹாரன் அடித்தார்கள்.

"யாருங்க?" என்றார் ராக்கன்.

"கேட்டத் தொறப்பா. ஒங்க மொதலாளிக்கு மச்சான்."

பிறகு இதைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் ராக்கன் ஒன்றைத்தான் சொன்னார்: "நேத்துத்தான் மொதலாளி சொல்றாரு, மச்சானே வந்தாலும் விடாதன்னு. இன்னைக்கு விடிஞ்சா ஒருத்தரு வந்து மச்சாங்கிறாரு. சோதிக்க வந்த ஆளுன்னு நான் நெனைக்காம வேற என்னத்த நெனைக்கிறது?"

சோதிக்க வந்தவரிடம் குறை வைக்கக் கூடாது என்று ராக்கன் முடிவு செய்தார். இறங்கச் சொன்னார். ஆத்மநாதன் இறங்கினார். பெயர் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அதையும் போட்டார். வண்டிக்கு அடியில் கண்ணாடியை விட்டு முன்னும் பின்னும் பார்த்தார். ஆத்மநாதன் வெயிலில் நின்றார்.

"மூட்டையில என்னங்க?"

"அரிசி. சீரு."

ராக்கன் வண்டியில் ஏறினார். குங்குமம் வைத்த மூட்டையில் குத்தூசியைச் செருகி இழுத்தார். வந்த அரிசியை உள்ளங்கையில் கொட்டி, ஊதி, வெயிலில் காட்டி, இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்தார். அவ்வளவும் பழக்கதோஷம். அதற்குப் பிறகு மண்டியில் சொல்கிற மாதிரியே, யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"புது அரிசி. இந்தத் தையில அறுத்தது. வடிச்சாக் குழையும்."

களத்தில் தூள் புரட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். சாக்கின் ஓட்டையிலிருந்து அரிசி மெல்லிசாக ஒழுகித் தார்ச்சாலையில் விழுந்தது. ஆத்மநாதன் சிறிது நேரம் அதைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துப் பிடித்துக்கொண்டு, "வண்டியத் திருப்பு" என்றார். விரலை எடுக்காமலே பின்பக்கம் ஏறி மூட்டைகளோடு உட்கார்ந்துகொண்டார். வண்டி போய்விட்டது.

அந்த நேரம் முத்துராமனும் கலைமதியும் காலிக் கண்டெய்னர் ஒன்றுக்குள் அதிகாரிகளோடு நின்றிருந்தார்கள். சுவரையும் தரையையும் தட்டி, பொய்ச்சுவர் எதுவும் இல்லை என்று சோதிக்கும் முறையை களத்தில் வேலை பார்க்கும் ராக்கனின் தம்பி பையன் செய்துகாட்டிக்கொண்டிருந்தான். அதிகாரிகளில் மூத்தவரான அம்மையார் வெளியே வந்தபோது தூரத்தில் ஒரு வண்டி திரும்பிப் போவதைப் பார்த்தார். என்ன வண்டி என்று கேட்டார். சொல்லாமல் வந்த வண்டி, திருப்பி அனுப்பிவிட்டேன் என்றார் ராக்கன். அம்மையார் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

பரிமளா அவர்களுக்காக முருங்கைக்காய்ச் சாம்பாரும் வாழைப்பூ வடையும், சைவமில்லையென்றால் இருக்கட்டும் என்று கோழிக் குழம்பும் வைத்திருந்தாள். அவர்கள் கொண்டுவந்த பாட்டிலில் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். சாப்பிடக் கூடாது என்பது அவர்களுடைய விதி. "ஒரு வா மோரு கூடக் குடிக்கலையே. அவங்க நம்மள எப்படி நம்புவாங்க?" என்று பரிமளா மகளிடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் மூக்காயி வந்து விஷயத்தைச் சொன்னாள்.

பரிமளா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்கண்ணே வந்துச்சா?"

"வந்தாரு."

"தண்ணி குடிச்சுச்சா?"

மூக்காயி குழம்புச் சட்டியை மூடினாள்.

சாயங்காலம் ராக்கன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். நாளையிலிருந்து வேலைக்கு வரவில்லை என்றார். கலைமதி, தொப்பியைப் போடுங்கண்ணே, குத்தூசியைக் குடுங்க என்றாள். அவர் கொடுத்தார். கொஞ்சம் தயங்கி, "பாப்பா, அவரு நெசமாவே மச்சான்தானா?" என்று கேட்டார்.

ஆத்மநாதனுக்கு அதற்கு முன்பே ஒரு வருத்தம் உண்டு. அவருடைய மகன் பிரசாந்துக்குத்தான் கலைமதி என்று இரண்டு வீட்டிலும் சின்ன வயதிலிருந்து பேச்சு. பிரசாந்த் நல்ல பையன். ஆனால் கலைமதிக்கு அவனை அப்படி நினைக்க வரவில்லை. புதுக்கோட்டையில் பேங்கில் வேலை பார்க்கும் கோபிநாத்தை அவளுக்குப் பார்த்தபோது, ஆத்மநாதன் சண்டை போடவில்லை. புள்ளைக்குப் பிடிக்கணும்ல என்று மட்டும் சொன்னார். பெண் தராத வீட்டுக்கு அவரே வலிய வந்து சீர் இறக்குவது, அந்த வருத்தம் முடிந்தது என்று ஊருக்குச் சொல்வது. அந்த வண்டிதான் கேட்டிலிருந்து திரும்பிப் போனது.

வைகாசியில் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிவராமல் அந்த வீட்டில் எந்தப் பெண்ணும் மணவறை ஏறியதில்லை. "எங்கண்ணே வராம எம்மக மணவறை ஏற மாட்டா. ஒங்க பெட்டிய வேணாக் கொரியாவுக்கு அனுப்பிக்கங்க" என்றாள் பரிமளா.

மறுநாள் காலையில் முத்துராமன் போன் போட்டார். ஆத்மநாதனின் மனைவி அழகி எடுத்தாள். குளிக்கிறாரு என்றாள். மத்தியானம் போட்டபோதும் குளிக்கிறாரு என்றாள். இருட்டியதும் போட்டார். "என்ன சொல்றதுன்னு தெரியலண்ணே. இப்பயும் குளிக்கிறாருன்னே வச்சுக்கங்க" என்றாள் அழகி.

அதற்கு அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை முத்துராமனும் பரிமளாவும் கலைமதியும் காரில் கிளம்பினார்கள். தட்டு, வெற்றிலை, பழம், வேட்டி, சேலை எல்லாம் பரிமளா மடியில். கீரமங்கலத்தில் நிறுத்தி மல்லிகைப்பூ வாங்கினார்கள். அறந்தாங்கிக்கு முன்னால் தேர்தல் பறக்கும் படை காரை மறித்தது. ஒருவர் வீடியோ எடுக்க, இன்னொருவர் தட்டிலிருந்த வேட்டியை எடுத்து உதறிப் பார்த்தார்.

"என்னங்க இது, சீர்த் தட்டுல கைய வைக்கிறீங்க?" என்றார் முத்துராமன்.

"கடமைங்க."

"கடமைன்னா ஒரு மட்டு மரியாதை வேணாமா?"

"சத்தம் போடாதீங்க. அவங்க வேட்டியத்தான் உதறுனாங்க. குத்திப் பாக்கலையே" என்றாள் பரிமளா. கார் ஆவுடையார்கோவில் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஆத்மநாதன் வைக்கோல் போரின் மேல் நின்று வேய்ந்துகொண்டிருந்தார். அறுவடை முடிந்து வந்த புதுவைக்கோல். கீழே இருந்து ஆள் பிரி பிரியாகத் தூக்கிக் கொடுக்க, அவர் மேலே பரப்பி மிதித்துக்கொண்டிருந்தார். கார் வந்ததைப் பார்த்தார்.

"வாங்க மாப்ள. வா ஆத்தா" என்று மேலே இருந்தே சொன்னார். தங்கையைப் பார்க்காதது மாதிரி இருந்தார். பரிமளா தட்டோடு நேரே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

"எறங்கி வாங்க மச்சான்" என்றார் முத்துராமன்.

"வேஞ்சிட்டு வாரேன். மழ வந்துருச்சுன்னா வீணாப் போகும்."

முத்துராமன் வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. "எங்கிட்டு மழ?"

"வரும்கிறாய்ங்க."

முத்துராமன் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு அண்ணாந்து பேச வேண்டியிருந்தது. வைக்கோல் தூசி கண்ணில் விழுந்தது.

"அந்த ஆளு புதுசு மச்சான். தெரியாமப் பண்ணிட்டான்."

"தெரியாம எங்க? மச்சான்னு சொன்னேன். சொன்னதுக்கப்பறந்தான் கண்ணாடியவே எடுத்தான்."

கலைமதி முன்னால் வந்தாள். "மாமா, யாரா இருந்தாலும் நிறுத்தச் சொன்னது நாந்தான். ராக்கண்ணே இல்ல."

"நிறுத்துனதுக்கு நான் ஒண்ணும் சொல்லலையே. நின்னேன்ல. கையெழுத்துப் போட்டேன்ல. வண்டிக்கு அடியில கண்ணாடிய விட்டான். சரி, பழைய வண்டி, ஏதோ வைத்தியம் பாக்குறான்னு இருந்தேன். மூட்டையக் குத்துனான் பாரு." அவர் ஒரு பிரியை ஓங்கி மிதித்தார். "இந்த ஊர்ல சாமிக்கே சோத்து ஆவிதான் படையல். இந்த ஊரு அரிசிய அள்ளி வாயில போட்டுக் கடிச்சுப் பாக்குறான், வெல சொல்றவன் மாதிரி. பொம்பளைங்க சிரிக்கிறாளுக. ஓட்ட விழுந்த மூட்டையச் சீருன்னு கொண்டாந்து எறக்குறதா?"

"இனிமே அப்படி நடக்காது மச்சான். ஒங்க வண்டிக்கு எப்பவும் கேட்டு தொறந்தே கெடக்கும்."

"அப்பா, அப்படிச் சொல்லாதீங்க" என்றாள் கலைமதி.

ஆத்மநாதன் வேலையை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார்.

"கெடக்காது மாமா. பொய் சொல்லி ஒங்களக் கூட்டிப்போக நான் வரல. மாமா வண்டின்னு ஒண்ண விட்டா, சித்தப்பா வண்டி வரும், பெரியத்தா வண்டி வரும். நம்ம பெட்டியில எவனாச்சும் எதையாச்சும் வச்சு அனுப்பிட்டா, கொரியாக்காரனுக்கு வச்சவன் பேரு தெரியாது. எங்கப்பா பேருதான் தெரியும். நீங்க வந்தாலும் நிக்கணும், கையெழுத்துப் போடணும். குத்தூசிய வாங்கி வச்சுட்டேன். அது தப்பு. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்குறேன். மத்தது தப்பில்ல."

"மாப்ள, இவள வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கலாம்" என்றார் ஆத்மநாதன். பிறகு மறுபடி வைக்கோலைப் பரப்ப ஆரம்பித்தார். இறங்கி வருகிறதாகத் தெரியவில்லை.

அடுப்படியில் அழகி நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். மீமிசலிலிருந்து டிவிஎஸ்ஸில் வருகிற மீன்காரர் காலையில் கொடுத்துவிட்டுப் போனது. பரிமளா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

"ஒங்க அண்ணனுக்கு அந்தக் காவக்காரரு மேல கோவமில்ல பரிமளா" என்றாள் அழகி.

"பின்ன?"

அழகி எட்டி வாசலைப் பார்த்துக்கொண்டாள். "கலைமதி இங்க வந்துருவான்னு நெனச்சுக்கிட்டு, போன வருசத்து நெல்லத் தனியா மூட்டை கட்டி வச்சிருந்தாரு. பழைய அரிசியில பந்தி போடணும், சோறு ஒண்ணோட ஒண்ணு ஒட்டக் கூடாதுன்னு அவருக்கு ஆச. நீங்க வேற எடம் முடிச்ச சேதி வந்துச்சுல்ல, அன்னைக்கே வியாபாரிய வரச்சொல்லி அம்புட்டையும் ஏத்தி விட்டுட்டாரு. என்னைய ஒரு வார்த்த கேக்கல. சாயங்காலம் வந்து மூட்டை இருந்த காலி எடத்தப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்காரு. ஏண்டி இப்படிப் பண்ணேன்னு என்னைய கேக்குறாரு."

பரிமளா கையில் இருந்த வெங்காயத்தை வைத்துவிட்டாள்.

"வெளியில பழைய அரிசி வாங்கலாம்னு சொன்னேன். தாய்மாமன் கடையரிசியில சீர் செய்வானான்னு சண்டைக்கு வாராரு. கடைசியில இந்த வருசத்துப் புது நெல்லயே புழுக்கி, நல்லாக் காய வச்சு அரைச்சாரு. யாருக்குத் தெரியப் போகுதுன்னு நெனச்சுருப்பாரு. ஒங்க ஆளு கடிச்ச ஒடனே சொல்லிப்புட்டாரு, அதுவும் ரோட்டுல வச்சு."

பரிமளாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கண்ணையும் துடைத்தாள். "எங்கண்ணே சின்னப்புள்ளையிலயும் அப்படித்தான் அண்ணி. என்மேல கோவத்துல மாங்காயத் தூக்கிக் கெணத்துல போட்டுரும். அப்பறம் அதுவே எறங்கி எடுத்துட்டு வரும்."

"நான் சொன்னேன்னு சொல்லிறாத."

"என்னத்தச் சொன்னீங்க?" என்றாள் பரிமளா. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனாள்.

வைக்கோல் போருக்கு அடியில் கணவனும் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் அவர்களைத் தாண்டிப் போய் அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணே."

"ம்."

"அன்னைக்கு நீ கொண்டாந்த மூட்டைய எறக்காமப் போனதும் ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. பந்திக்கு அரிசி நாங்க ஏற்கெனவே சொல்லி வச்சிட்டோம். நீயும் எறக்கியிருந்தா அதத் திருப்ப முடியாது."

"பந்திக்கு இன்னும் அரிசி..." என்று ஆரம்பித்த முத்துராமன், மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"ஒங்களுக்கு ஞாபகம் இல்ல. சொல்லி வச்சாச்சு" என்றாள் பரிமளா.

"ஆமா மச்சான். சொல்லி வச்சாச்சு" என்றார் முத்துராமன்.

ஆத்மநாதன் கையில் வைக்கோலோடு நின்றார்.

"குலசாமிக்குப் பொங்க வைக்கத்தான் இன்னும் அரிசி இல்ல" என்று பரிமளா தொடர்ந்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி பொங்கணும்ல. அதுக்குப் புது நெல்லுதான் வேணும், புழுக்காம அரைச்ச பச்சரிசி. கடையில வாங்குறத எத்தன வருசத்து அரிசின்னு யாரு கண்டா? ஒன் வயல்ல இந்த வருசம் வெளஞ்சது இருக்கும்ல. அதத்தான் சீரா கேக்க வந்தேன். குடுப்பியா, மாட்டியா?"

வைக்கோல் தூக்கிக் கொடுத்த ஆள் இதுதான் சாக்கு என்று பீடி பற்றவைக்கத் தள்ளிப் போனார். ஆத்மநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு ஏணியைப் பார்த்துக் காலை வைத்து மெதுவாக இறங்கினார். முத்துராமன் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

கீழே வந்ததும் தங்கைக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்: "அழகி எதுவும் சொன்னாளா?"

"நண்டுக்குப் பூண்டு கூடப் போடணும்னு சொன்னாங்க."

"வேற?"

"சீரகம் கொறைக்கணுமாம்."

ஆத்மநாதன் தலைமுடியிலிருந்து வைக்கோலைத் தட்டினார். அழகி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். முதலில் மாப்பிள்ளை குடிக்கட்டும் என்றார். நீங்க குடிங்க மச்சான் என்றார் முத்துராமன். வெயிலில் நின்றது நீங்கதானே என்றார் அவர். செம்பு இரண்டு மூன்று தடவை கை மாறியது. கடைசியில் கலைமதி வாங்கிக் குடித்தாள்.

நண்டுக் குழம்போடு சாப்பிட உட்கார்ந்தார்கள். சோறு சற்றுக் குழைந்திருந்தது. திரும்பிவந்த மூட்டைகளைத்தான் அந்த வீட்டில் வடித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. முத்துராமன் மட்டும், நண்டுக் குழம்புக்குக் குழைஞ்ச சோறுதான் எடுப்பு என்று சொல்லி இன்னொரு தடவை வாங்கிப் போட்டுக்கொண்டார். அவருக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது.

இலையை மடித்துவிட்டு எழும்போது ஆத்மநாதன் கலைமதியைக் கேட்டார். "வண்டி நம்பர முந்தின நாளே சொல்லணுமா?"

"சொன்னா நல்லது மாமா."

"பிரசாந்துதான் வண்டி ஓட்டுவான். அவனும் கையெழுத்துப் போடணுமா?"

"அவனும்தான்."

"அவன் கையெழுத்து அவனுக்கே வெளங்காது. ஒங்க ஆபீசரம்மா வந்து என்னத்தப் படிக்கப் போறாங்களோ" என்றார் ஆத்மநாதன்.

கறம்பக்குடிக்குத் திரும்பியதும் கலைமதி ராக்கனிடம் நடந்ததில் சொல்லக்கூடியதைச் சொன்னாள். அடுத்த தடவை அவர் வந்தால் வாங்கய்யா என்று கும்பிட வேண்டும் என்றாள். ராக்கன் யோசித்தார். "கும்புட்டுட்டு நிறுத்தணுமா, நிறுத்திட்டுக் கும்புடணுமா பாப்பா?" என்று கேட்டார். கும்பிட்டுவிட்டு நிறுத்துங்கள் என்றாள்.

வைகாசி இரண்டாவது வாரம் ஆவுடையார்கோவிலிலிருந்து பச்சரிசி வந்தது. ராக்கன் கும்பிட்டுவிட்டு வண்டியை நிறுத்தினார். ஆத்மநாதனும் பிரசாந்தும் கையெழுத்துப் போட்டார்கள். மூட்டைகள் குத்தப்படவில்லை. அந்த அரிசியில் குலசாமிக்குப் பொங்கல் வைத்தார்கள். மாதக் கடைசியில் நடந்த கல்யாணத்தில் ஆத்மநாதன் மாலை போட்டு, கலைமதியின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவந்தார். பிரசாந்த் பந்தியில் நின்று பரிமாறினான்.

ஆனியில் சுங்கத்துறையின் அங்கீகாரம் வந்தது. அந்த மாதம் களத்திலிருந்து இரண்டு கண்டெய்னர்கள் தூத்துக்குடிக்குப் போயின. இரண்டும் திறக்கப்படாமல் கப்பலேறின.